நான்கு பரிமாண வெளிகளின் வரலாறு – 9: ஆற்றல் ஒரு புள்ளியில் குவியும்போது

யாங்–மில்ஸ் சமன்பாட்டின் தீர்வுகளையெல்லாம் திரட்டி, ஒரே தீர்வின் வேற்றுத் தோற்றங்களை ஒன்றாக எண்ணினால், ஒவ்வொரு தீர்வும் ஒரு புள்ளியாக அமையும் புதியதொரு வெளி கிடைக்கிறது. இதுவே மாடுலை வெளி. நான்கு பரிமாணத்தில் இந்த வெளியைப் பற்றி இரண்டு கேள்விகள் எழுந்தன. கூர்முனையோ மடிப்போ இல்லாத இழைவான வெளியா அது? அதற்குள் நகரும் புள்ளிகளின் தொடர்முறை அதற்குள்ளேயே ஓர் எல்லைப்புள்ளியை அடையுமா, நழுவி வெளியேறிவிடுமா? முதல் கேள்வி ஒழுங்கைப் பற்றியது. இரண்டாவது கச்சிதத்தைப் பற்றியது. இரண்டாவதற்குக் கிடைத்த விடை, அந்த வெளி கச்சிதமானதன்று என்பதே. ஆனால் எங்கே நழுவுகிறது, எவ்வளவு நழுவுகிறது, நழுவிய பின் எஞ்சுவது எது என்பதைத் துல்லியமாகச் சொல்ல முடிந்தது. நான்கு பரிமாண இடவியலை 1980களில் தலைகீழாக மாற்றிய தேற்றங்கள் அந்தத் துல்லியத்திலிருந்து பிறந்தவை.

சமன்பாடு இயற்பியலில் தோன்றியது. சென் நிங் யாங்கும் ராபர்ட் மில்ஸும் 1954-இல் மின்காந்தவியலைப் பொதுமைப்படுத்தி, பரிமாற்ற விதிக்குக் கட்டுப்படாத சமச்சீர் குலங்களுக்கு உரிய புலச் சமன்பாடுகளை எழுதினர். கணிதத்தின் மொழியில், ஒரு வெளியின் ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு திசையன்வெளியை நிறுத்திக் கட்டியது கற்றை. அருகருகே உள்ள திசையன்வெளிகளை ஒப்பிடும் விதி இணைப்பு. ஒரு சிறு சுற்றுப் பாதையில் போய்த் திரும்பும்போது அந்த விதி தொடக்க நிலைக்கு வராமல் விலகும் அளவு வளைவு. வளைவின் வர்க்கத்தை வெளி முழுவதும் தொகையிட்டால் வருவது ஆற்றல். ஆற்றல் சிறுமமாகவோ நிலைப்புள்ளியாகவோ உள்ள இணைப்புகளே யாங்–மில்ஸ் தீர்வுகள். கற்றையின் ஆயங்களைப் புள்ளிக்குப் புள்ளி மாற்றி எழுதினாலும் தீர்வு மாறுவதில்லை. இந்த மாற்றத்துக்குக் கேஜ் மாற்றம் என்று பெயர்.

நான்கு பரிமாணத்தில் வளைவு இரண்டு சமபாதிகளாகப் பிரிகிறது. அவற்றில் ஒரு பாதி முழுவதும் சுழியாக இருக்கும் இணைப்புகள் யாங்–மில்ஸ் சமன்பாட்டைத் தாமே நிறைவு செய்வதோடு, தம் கற்றைக்கு வாய்க்கக்கூடிய மிகக் குறைந்த ஆற்றலையும் பெற்றிருக்கும். இவையே தன்னிருமை இணைப்புகள். இயற்பியலார் சூட்டிய பெயர் இன்ஸ்டான்டான். எஸ்யூ(2) குலத்துக்கு இவற்றின் ஆற்றல் பை வர்க்கத்தின் 8 மடங்கை அலகாகக் கொண்டு முழு எண்களாகவே வரும். அந்த முழு எண் கற்றையின் முறுக்கை அளக்கிறது. அதை இடவியல் எண் எனலாம்.

இடவியல் எண் 1 உடைய முதல் தீர்வை 1975-இல் பெலாவின், பொல்யக்கோவ், ஷ்வார்ட்ஸ், த்யூப்கின் ஆகிய நால்வர் வெளிப்படையாக எழுதிக் காட்டினர். அதில் இரண்டு வகை அளவுகள் சுதந்திரமாக இருந்தன: ஆற்றல் செறிந்திருக்கும் மையம், அந்தச் செறிவின் அகலம். மையத்துக்கு 4 ஆயங்கள், அகலத்துக்கு 1. நான்கு பரிமாணக் கோளத்தின் மேல் இந்தத் தீர்வுகளின் மாடுலை வெளி ஐந்து பரிமாணத் திறந்த பந்தாக அமைகிறது. அகலத்தைக் குறைத்துக்கொண்டே போனால், உருப்பெருக்கி ஆடி வெயிலைக் குவிப்பதுபோல ஆற்றல் முழுவதும் மையத்தை நோக்கி ஒடுங்குகிறது. மொத்த ஆற்றலில் ஓர் அணுவும் குறைவதில்லை. அகலம் சுழியாகும்போது தீர்வே மறைந்துபோகிறது. பந்தின் விளிம்பு மாடுலை வெளியில் சேராத காரணம் இதுதான். ஆனால் அந்த விளிம்பு நாம் தொடங்கிய நான்கு பரிமாணக் கோளத்தின் நேர்ப்படியே. பின்னர் நடந்த அனைத்துக்கும் விதை இந்த ஒற்றை எடுத்துக்காட்டில் இருக்கிறது.

இது நான்கு பரிமாணத்துக்கே உரிய நிகழ்வு. நீளங்களைப் பாதியாகச் சுருக்கினால் வளைவின் வர்க்கம் 16 மடங்காகிறது. நான்கு பரிமாணக் கன அளவோ 16-இல் ஒரு பங்காகிறது. இரண்டும் சரியாக ஈடுகட்டுவதால், தீர்வைச் சுருக்குவதற்கு ஆற்றலில் எந்தச் செலவும் இல்லை. இரண்டு, மூன்று பரிமாணங்களில் சுருக்கினால் ஆற்றல் ஏறும். ஆகவே ஆற்றலுக்கு வரம்பிட்டாலே குவிதலைத் தடுத்துவிடலாம். நான்கு பரிமாணத்தில் அந்தத் தடை இல்லை.

1978-இல் மைக்கேல் அட்டியா, நைஜல் ஹிட்சின், ஐசடோர் சிங்கர் மூவரும் தன்னிருமைச் சமன்பாட்டின் வடிவியலை முறைப்படி எழுதினர். கோளத்தின் மேல் மாடுலை வெளியின் பரிமாணம், இடவியல் எண்ணை 8-ஆல் பெருக்கி 3-ஐக் கழித்தால் வரும் எண்: 5, 13, 21 என்று நீளும். அதே ஆண்டில் அட்டியா, டிரின்ஃபெல்ட், ஹிட்சின், மானின் ஆகியோர் கோளத்தின் எல்லாத் தீர்வுகளையும் அணிகளின் இயற்கணிதமாகவே மாற்றிக் காட்டினர். கோளத்துக்கு அப்பால், பொதுவான நான்கு பரிமாண வெளிகளில் அப்படிப்பட்ட இயற்கணித வழி கிடையாது. அங்கே சமன்பாட்டைப் பகுப்பாய்வின் வழியாகத்தான் அணுக முடியும்.

பகுப்பாய்வுக்கு முதல் முட்டுக்கட்டை கேஜ் மாற்றமே. ஒரே தீர்வு எண்ணற்ற உருவங்களில் வருவதால், தீர்வுகளின் தொடர்முறை குவிகிறதா என்று கேட்பதற்கு முன் ஒவ்வொன்றுக்கும் ஏற்ற உருவத்தைத் தெரிவு செய்தாக வேண்டும். எல்லா இணைப்புகளுக்கும் ஒரே சீராக அத்தகைய தெரிவைச் செய்ய முடியாது என்பதை 1978-இல் கிரிபோவ் இயற்பியல் வழியிலும் சிங்கர் இடவியல் வழியிலும் காட்டினர். மறு ஆண்டு எம். எஸ். நரசிம்மனும் டி. ஆர். ராமதாஸும் எஸ்யூ(2) புலங்களுக்கு இதே தடையை வடிவியல் நோக்கில் ஆராய்ந்து கட்டுரை வெளியிட்டனர். ஆக, முழுமைக்கும் பொருந்தும் தெரிவு இல்லை. எந்த நிபந்தனையில், எவ்வளவு சிறிய பகுதியில் அது இருக்கும் என்ற கேள்வியே எஞ்சியது.

இந்தக் கேள்விக்கு விடை தந்தவர் கேரன் உலன்பெக். 1942-இல் அமெரிக்காவின் கிளீவ்லண்டில் பிறந்து, பிராண்டைஸ் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் பாலேயிடம் 1968-இல் முனைவர் பட்டம் பெற்றவர். மாறல் கணக்குகளில் சிறுமத் தீர்வு உண்டென்று காட்டப் பாலேயும் ஸ்டீவன் ஸ்மேலும் 1960களில் வகுத்த நிபந்தனை, சரியாக எல்லைக்கோட்டில் இருக்கும் கணக்குகளில் செயலிழந்துவிடும். யாங்–மில்ஸுக்கு அந்த எல்லைக்கோடு நான்கு பரிமாணம். ஒரு பரப்பிலிருந்து வேறொரு வெளிக்குச் செல்லும் இசைவுக் கோத்தல்களுக்கு இரண்டு பரிமாணம். உலன்பெக் முதலில் கைவைத்தது இரண்டாவதில். ஜொனாதன் சாக்ஸோடு சேர்ந்து 1981-இல் வெளியிட்ட கட்டுரையில், தீர்வுகளின் தொடர்முறை எண்ணிக்கைக்கு உட்பட்ட சில புள்ளிகளில் மட்டுமே குவியத் தவறுகிறது என்றும், அந்தப் புள்ளிகளைப் பெரிதாக்கிப் பார்த்தால் ஒவ்வொன்றிலும் ஒரு முழுக் கோளம் தனித் தீர்வாகப் பிரிந்து நிற்கிறது என்றும் காட்டினார். கணித உலகம் இதைக் குமிழி விடுதல் என்று அழைக்கத் தொடங்கியது.

1982-இல் கணித இயற்பியல் இதழொன்றின் ஒரே தொகுதியில் அடுத்தடுத்து வந்த இரு கட்டுரைகளில், அந்தக் கருத்தை யாங்–மில்ஸ் புலங்களுக்குக் கொண்டுவந்தார் உலன்பெக். இரண்டும் சேர்ந்து முப்பது பக்கங்களைச் சற்றே தாண்டும். நான்கு பரிமாண கேஜ் கோட்பாட்டின் பகுப்பாய்வு முழுவதும் இன்றும் அந்தப் பக்கங்களின் மேல்தான் நிற்கிறது.

ஒரு கட்டுரை கேஜ் தெரிவைப் பற்றியது. சிறு பந்து ஒன்றினுள் இருக்கும் ஆற்றல் ஒரு நிலையான வரம்புக்குக் கீழே இருந்தால், அங்கே இணைப்பைக் கூலூம் கேஜ் என்ற தனி உருவில் எழுத முடியும். அந்த உருவில் இணைப்பின் அளவும் அதன் வகைக்கெழுக்களின் அளவும் வளைவின் அளவுக்குக் கட்டுப்பட்டே இருக்கும். இதன் பயன் பெரிது. கேஜ் சுதந்திரம் இருக்கும்வரை தன்னிருமைச் சமன்பாடு நீள்வட்ட வகையைச் சேராது. கூலூம் நிபந்தனையைச் சேர்த்ததும் அது நீள்வட்ட வகையாகிவிடும். அந்த வகைச் சமன்பாடுகளின் இயல்பு, கரடுமுரடான தீர்வையும் படிப்படியாக இழைத்துக்கொண்டே போவது: ஒரு முறை வகையிட முடிந்தால் இரண்டு முறை, இரண்டு முறை முடிந்தால் மூன்று முறை என்று ஏறி, முடிவில் எத்தனை முறை வேண்டுமானாலும் வகையிடலாம். சமன்பாட்டில் இணைப்பு தன்னோடே பெருக்கிக்கொள்ளும் உறுப்பு ஒன்று உண்டு. நான்கு பரிமாணத்தில் அதன் மதிப்பீடு சரியாக எல்லைக்கோட்டிலேயே விழுவதால், ஆற்றல் சிறிதாக இருந்தாலொழிய அதை அடக்க முடியாது. சிறு ஆற்றல் என்ற நிபந்தனை வந்தது அதனால்தான். அங்கே நின்றுவிடாமல், வளைவு சுழியான இணைப்பிலிருந்து தொடங்கி வேண்டிய இணைப்புவரை அடி அடியாக நகர்ந்து, வழியெங்கும் மதிப்பீடு உடையாமல் காத்த உலன்பெக்கின் நிறுவல்முறை இந்தத் துறையின் அழகான வாதங்களில் ஒன்று.

மற்றொரு கட்டுரை வழுப்புள்ளிகளைப் பற்றியது. ஒரு புள்ளியை மட்டும் நீக்கிய பந்தில் யாங்–மில்ஸ் புலம் ஒன்று இருந்து, அதன் ஆற்றல் முடிவுள்ளதாகவும் இருந்தால், தகுந்த கேஜில் அந்தப் புலம் விடுபட்ட புள்ளியையும் இழைவாக நிரப்பிக்கொள்ளும். அந்த இடத்தில் இருந்ததாகத் தோன்றிய வழு உண்மையில் கேஜின் வழுவே. இதனால் முடிவிலி வரை பரந்த நான்கு பரிமாண யூக்ளிட் வெளியில் முடிவுள்ள ஆற்றலுடைய எந்தத் தீர்வும் கோளத்தின் மேலான தீர்வாகவே மாறிவிடும். தன்னிருமைத் தீர்வானால் அதன் ஆற்றலும் முழு எண் மடங்காகவே இருக்கும்.

இரண்டையும் இணைத்தால் கச்சிதத் தேற்றம் கைக்கு வருகிறது. இடவியல் எண் நிலையாக உள்ள தன்னிருமை இணைப்புகளின் தொடர்முறை ஒன்றை எடுத்துக்கொள்வோம். மொத்த ஆற்றல் நிலையானது. ஆகவே எத்தனை நுண்ணிய அளவில் பார்த்தாலும் வரம்பை மீறிய ஆற்றல் தங்கும் புள்ளிகள் எண்ணிக்கையில் அடங்கியவையே. அந்தப் புள்ளிகளுக்கு வெளியே, ஓர் உபதொடர்முறை கேஜ் மாற்றங்களுடன் இழைவாகக் குவிகிறது. குவிந்த எல்லையின் வழுக்கள் நீங்கும். அது குறைந்த இடவியல் எண்ணுடைய வேறொரு கற்றையின் தீர்வாக நிற்கும். குறைந்த எண்ணிக்கை எங்கே போனது என்றால், குவிந்த புள்ளிகளில் முழு எண்களாகத் தங்கிவிட்டது. ஆகவே மாடுலை வெளியோடு, 'குறைந்த எண்ணுடைய தீர்வு, உடன் சில புள்ளிகள்' என்ற இலட்சியப் புள்ளிகளையும் சேர்த்தால் கச்சிதமான வெளி கிடைக்கிறது. இன்று அதற்கு உலன்பெக் கச்சிதமாக்கல் என்று பெயர். எதுவும் தடயமின்றி மறைவதில்லை. தப்பிப்போன ஒவ்வோர் அலகு ஆற்றலும் எந்தப் புள்ளியில் இருக்கிறது என்று கணக்குச் சொல்ல முடிகிறது.

ஒழுங்கு பற்றிய கேள்விக்குப் பகுப்பாய்வில் வேறொரு வழி தேவைப்பட்டது. ஒவ்வொரு தீர்வும் இழைவானதாக இருந்தாலும், தீர்வுகளின் திரட்டு இழைவான வெளியாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. சமன்பாட்டின் நேரியல் வடிவம் ஒவ்வொரு தீர்விலும் முழு எண்ணிக்கையில் நிபந்தனைகளை விதித்தால்தான் மாடுலை வெளி எதிர்பார்த்த பரிமாணத்தில் இழைவாக அமையும். ஸ்டீவன் ஸ்மேல் 1965-இல் முடிவிலிப் பரிமாணத்துக்கு விரித்த சார்டின் தேற்றம் இங்கே உதவியது. டேனியல் ஃப்ரீடும் உலன்பெக்கும் 1984-இல் வெளியிட்ட நூலில், அடிப்படை வெளியின் தொலைவளவையைச் சற்றே அசைத்தால் போதும், ஒடுங்காத தீர்வுகளின் மாடுலை வெளி இழைவாகிவிடும் என்று நிறுவினர். ஒடுங்கிய தீர்வுகள், அதாவது சிறிய குலத்துக்குள்ளேயே அடங்கிவிடும் இணைப்புகள், மட்டும் விதிவிலக்கு. அவற்றின் அருகே வெளி கூம்பு வடிவில் கூர்கிறது.

இந்த நிலையில்தான் ஆக்ஸ்ஃபோர்டில் ஹிட்சினிடமும் பிறகு அட்டியாவிடமும் ஆய்வு செய்துகொண்டிருந்த சைமன் டொனால்ட்சன் வருகிறார். அவர் கையில் உலன்பெக்கின் கச்சிதமும், கிளிஃபர்ட் டாப்ஸ் 1982-இல் தந்த இருப்புத் தேற்றமும் இருந்தன. டாப்ஸ், கோளத்தின் நுண்ணிய இன்ஸ்டான்டான் ஒன்றைப் பிறிதொரு வெளியின் ஒரு புள்ளியில் ஒட்டவைத்து, எழும் பிழையைத் திருத்தி, முழுமையான தீர்வாக மாற்றினார். அந்த வெளியின் வெட்டு வடிவம் எனப்படும் முழு எண் அட்டவணை ஒரே குறியுடையதாக இருந்தால் இந்தத் திருத்தம் எப்போதும் கைகூடும். உலன்பெக்கின் தேற்றம் குமிழி பிரிவதைச் சொல்கிறது. டாப்ஸின் தேற்றம் அதே குமிழியைத் திரும்ப ஒட்டுகிறது.

ஒரு நான்கு பரிமாண வெளியில் உள்ள இரு பரிமாணப் பரப்புகள் ஒன்றையொன்று எத்தனை முறை வெட்டுகின்றன என்ற முழு எண் அட்டவணையே வெட்டு வடிவம். மைக்கேல் ஃப்ரீட்மன் 1982-இல், அணிக்கோவை மதிப்பு 1 அல்லது −1 உடைய எந்தச் சமச்சீர் அட்டவணையும் ஏதோ ஓர் இடவியல் வெளிக்கு வெட்டு வடிவமாக அமையும் என்று நிறுவியதை முந்தைய பகுதி விவரித்தது. டொனால்ட்சன் 1983-இல் வெளியிட்ட தேற்றம் இதற்கு நேரெதிர்த் திசையில் சென்றது. ஒற்றைத் தொடர்புடைய இழைவான வெளியின் வெட்டு வடிவம் ஒரே குறியுடையதானால், அது மூலைவிட்ட வடிவமாகத்தான் இருக்க முடியும்.

நிறுவல் மாடுலை வெளியின் படத்தையே வாதமாக்குகிறது. இடவியல் எண் 1 உடைய தீர்வுகளின் மாடுலை வெளி ஐந்து பரிமாணம் கொண்டது. அதன் ஒரு முனையில் குமிழிகள் பிரிகின்றன. அங்கே அடிப்படை வெளியே ஓர் எல்லையாக வந்து நிற்கிறது. உள்ளே, ஒடுங்கிய தீர்வு ஒவ்வொன்றின் அருகிலும் கலப்பெண் வீழ்ப்புத் தளத்தின் மேல் எழுந்த ஒரு கூம்பு இருக்கிறது. கூம்பின் நுனிகளை வெட்டி எறிந்தால், ஒரு பக்கம் அடிப்படை வெளியும் மறுபக்கம் சில வீழ்ப்புத் தளங்களும் எல்லையாக உள்ள, கச்சிதமான, இழைவான, திசைப்படுத்தக்கூடிய ஐந்து பரிமாண வெளி மிஞ்சும். அப்படிப்பட்ட வெளியின் இரு பக்க எல்லைகளுக்கும் வெட்டு வடிவத்தின் குறியெண் ஒன்றாகவே இருக்க வேண்டும். ஆகவே வீழ்ப்புத் தளங்களின் எண்ணிக்கை வடிவத்தின் தரத்தைவிடக் குறையக் கூடாது. அந்த எண்ணிக்கையோ, வர்க்கம் 1 ஆக வரும் உறுப்புகளின் இணைகளுக்குச் சமம். அவை தரத்தை மீறவும் முடியாது. இரண்டும் சமமாகும்போது வடிவம் மூலைவிட்டமாகிறது.

கச்சிதம் இல்லாமையும் ஒழுங்கு குலைந்த புள்ளிகளும் இங்கே தடைகளாக இல்லை. வாதத்தின் இரண்டு முனைகளையும் தாங்குபவை அவையே. மாடுலை வெளி கச்சிதமாகவும் முழுதும் இழைவாகவும் இருந்திருந்தால் இந்தத் தேற்றத்தை இவ்வழியில் நிறுவியிருக்கவே முடியாது.

விளைவு கடுமையானது. ஈ-8 என்ற 8 தர வடிவம் மூலைவிட்டமாகாது. அதை இருமுறை அடுக்கினால் குறியெண் 16. இத்தகைய வடிவத்தின் குறியெண் 16-ஆல் வகுபட வேண்டும் என்று 1952-இல் ரோஹ்லின் கண்ட சோதனையில் அது தேறிவிடும். ஆயினும் டொனால்ட்சனின் தேற்றம் அதை விலக்குகிறது. ஃப்ரீட்மன் தந்த இடவியல் வெளி இருக்கிறது. அதன் மேல் இழைவான அமைப்பு எதுவும் இருக்க முடியாது. இரு தேற்றங்களையும் சேர்த்ததில், நான்கு பரிமாண யூக்ளிட் வெளிக்கே வழக்கத்துக்கு மாறான இழைவான அமைப்புகள் உண்டென்பது வெளிப்பட்டது. மற்ற எந்தப் பரிமாணத்திலும் யூக்ளிட் வெளிக்கு அப்படி நேர்வதில்லை. 1986-இல் பெர்க்லியில் டொனால்ட்சனும் ஃப்ரீட்மனும் ஃபீல்ட்ஸ் பதக்கம் பெற்றனர். உலன்பெக்குக்கு 2019-இல் ஏபெல் பரிசு வந்தது. அதைப் பெற்ற முதல் பெண் அவர்.

அதே 1983-இல் டொனால்ட்சன் எழுதிய மற்றொரு கட்டுரை தமிழகத்தில் பிறந்த இருவரின் தேற்றத்தைப் பற்றியது. சென்னை லயோலா கல்லூரியில் படித்து, மும்பை டாட்டா ஆராய்ச்சி நிலையத்துக்குச் சென்ற எம். எஸ். நரசிம்மனும் சி. எஸ். சேஷாத்ரியும் 1965-இல், ரீமான் பரப்பின் மேல் உள்ள, படி சுழியான நிலைத்த கற்றைகள் அப்பரப்பின் அடிப்படைக் குலத்தின் ஒடுங்காத ஒருமட்ட உருவகங்களிலிருந்து வருகின்றன என்று நிறுவியிருந்தனர். டொனால்ட்சன் இதற்கு கேஜ் கோட்பாட்டின் வழியே புதிய நிறுவலைத் தந்தார். ஆற்றலைக் குறைக்கும் இணைப்புகளின் தொடர்முறையை எடுத்து, உலன்பெக்கின் தேற்றத்தால் அதற்கு எல்லை காண்பதே அதன் அடித்தளம். நான்கு பரிமாணத்தில் இதன் இணைத் தேற்றத்தை இயற்கணிதப் பரப்புகளுக்கு 1985-இல் அவரே நிறுவினார். உலன்பெக்கும் ஷிங்-துங் யாவும் மறு ஆண்டு அதை எல்லா உயர் பரிமாண கேலர் வெளிகளுக்கும் விரித்தனர்.

அடுத்த கட்டத்தில் மாடுலை வெளி அளவுகோலாக மாறியது. 1990-இல் வெளியான கட்டுரையில் டொனால்ட்சன், மாடுலை வெளியின் மேல் குறிப்பிட்ட வகுப்புகளைத் தொகையிட்டு வரும் எண்களை, இழைவான அமைப்பின் மாறாப் பண்புகளாக நிறுத்தினார். தொகையிடக் கச்சிதம் வேண்டும். ஒரு புள்ளியில் ஓர் அலகு ஆற்றல் குவிந்தால் மாடுலையின் பரிமாணம் 8 குறைகிறது. அந்தப் புள்ளி நகர 4 பரிமாணம் கிடைக்கிறது. ஆக, இலட்சியப் புள்ளிகளின் அடுக்கு 4 பரிமாணம் தாழ்ந்தே இருக்கும். தொகையை அது தொடாது. வளைவே இல்லாத அற்ப இணைப்பு மட்டும் இந்தக் கணக்கை மீறுகிறது. அதன் அடுக்கு எதிர்பார்த்ததைவிடப் பெரிது. இடவியல் எண் போதிய அளவு பெரிதானால் அதுவும் அடங்கிவிடும். டொனால்ட்சன் வகுத்த நிபந்தனை இதற்காகவே.

1994 இலையுதிர்காலத்தில் நிலைமை ஒரே மாதத்தில் மாறியது. நாதன் சைபர்க்கும் எட்வர்ட் விட்டனும் எழுதிய இயற்பியல் கட்டுரைகளைத் தொடர்ந்து, விட்டன் எளிய சமன்பாடுகளை முன்வைத்தார். அவற்றில் குலம் வெறும் வட்டம். இணைப்போடு ஒரு ஸ்பினார் புலமும் உண்டு. ஸ்பினாரின் அளவு அதிகபட்சமாக இருக்கும் புள்ளியில் சமன்பாட்டை எழுதிப் பார்த்தால், அடிப்படை வெளியின் அளவி வளைவே அதற்கு வரம்பாகிவிடுகிறது. வளைவும் அதனால் கட்டுப்படுகிறது. குமிழி எதுவும் பிரிவதில்லை; மாடுலை வெளி தானாகவே கச்சிதம். டொனால்ட்சனின் முறையில் ஆண்டுக்கணக்கில் உழைத்துப் பெற்ற முடிவுகள் சில வாரங்களில் மறுநிறுவல் கண்டன. டொனால்ட்சனின் எண்களும் இந்தப் புதிய சமன்பாடுகள் தரும் எண்களும் ஒரே தகவலின் இரு வடிவங்கள் என்றும் விட்டன் ஊகித்தார்.

அந்த ஊகத்தைக் கணிதமாக்கும் வழியை விக்டர் பிட்ஸ்திரிகாச்சும் ஆந்த்ரே த்யூரினும் முன்மொழிந்தனர்: ஸ்பினாரையும் பரிமாற்ற விதிக்குக் கட்டுப்படாத இணைப்பையும் ஒரே சமன்பாட்டில் சேர்ப்பது. பியூ(2) மோனோபோல்கள் எனப்படும் அதன் தீர்வுகளின் மாடுலை வெளிக்குள், ஸ்பினார் சுழியாகும் இடத்தில் டொனால்ட்சனின் வெளி இருக்கிறது. இணைப்பு ஒடுங்கும் இடத்தில் சைபர்க்–விட்டனின் வெளி இருக்கிறது. இடைப்பட்ட பகுதி இரண்டையும் இணைக்கும் பாலம். ஸ்பினாருக்கு இங்கும் வரம்பு உண்டு, வளைவுக்கு இல்லை. ஆகவே குமிழிகள் திரும்பி வந்தன. 1998-இல் பால் ஃபீஹனும் தாமஸ் லெனஸும் வெளியிட்ட கட்டுரை, இந்த வெளிக்கு ஒழுங்கு, உலன்பெக் கச்சிதம், குறுக்குவெட்டு நிலை ஆகிய மூன்றையும் நிறுவியது. தொலைவளவையை அசைக்கும் பழைய உத்தி இங்கே நேரடியாக எட்டாததால், மூடிய பாதைகளில் இணைப்பு அடையும் திரும்பலைக் கொண்டு சமன்பாட்டையே சற்று மாற்றினர். அப்போதும் கச்சிதத் தேற்றம் குலையாதபடி அந்த மாற்றத்தைக் கட்டமைத்ததுதான் கட்டுரையின் கடினமான பகுதி.

பாலத்தின் இலட்சிய அடுக்குகளிலும் சைபர்க்–விட்டன் வெளிகள் வந்து அமர்வதால், அவற்றின் பங்கைக் கணக்கிட ஒட்டுதல் கோட்பாடு முழுவதும் தேவைப்பட்டது. ஃபீஹனும் லெனஸும் அதை இருபது ஆண்டுகள் வளர்த்தனர். அந்தப் பணி முடியும் முன்பே, 2004-இல், பீட்டர் குரோன்ஹைமரும் டோமஸ் மிரோவ்காவும் ஃபீஹனும் லெனஸும் பெற்றிருந்த முடிவைப் பயன்படுத்தி, முடிச்சுகளைப் பற்றிய பண்பு-பி ஊகத்தை நிறுவினர். முப்பரிமாணக் கோளத்தில் உண்மையான முடிச்சு ஒன்றின் மேல் அற்பமல்லாத அறுவை செய்தால் கிடைக்கும் வெளி ஒருபோதும் ஒற்றைத் தொடர்புடையதாக இராது என்பதே அது.